கை மரத்துப் போகிறதா? பயந்து ஊருக்கு மூட்டை கட்டாதீர்கள்!

நள்ளிரவு 2 மணி. வலது கை மரத்துப்போய் விழிப்பு வருகிறது. உதறினால் சரியாகிவிடுகிறது. மறுநாள் இரவும் அதே கதை.

தாராவியில் தையல் வேலை செய்யும் நெல்லைக்காரர் ஒருவருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. "பக்கவாதம் வரப்போகிறது" என்று அறையில் இருந்தவர்கள் பயமுறுத்திவிட்டார்கள்.

"ஊருக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுங்க தம்பி" என்று என்னிடம் வந்தார்.

"முதலில் டாக்டரைப் பார்ப்போம், அண்ணாச்சி" என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

பஞ்சும் சுத்தியலும்

டாக்டர் ஒவ்வொரு விரலையும் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் உணர்ச்சி குறைவு. சுண்டு விரலில் குறை இல்லை. ரப்பர் சுத்தியலால் மூட்டுகளில் தட்டினார். பிறகு மின்சோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

"கரண்டா?" என்று அண்ணாச்சி நடுங்கினார். பயம் வேண்டாம். தோலின் மேல் மெல்லிய மின்துடிப்பு கொடுக்கிறார்கள். 'சுரீர்' என்று இருக்கும், அவ்வளவுதான்.

ரெயில் கணக்கு

இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே உள்ள தூரமும், ஓடிய நேரமும் தெரிந்தால் வண்டியின் வேகம் தெரியும். இதுவும் அதே கணக்குதான்!

முழங்கையில் ஒரு முறை, மணிக்கட்டில் ஒரு முறை துடிப்பு கொடுக்கிறார்கள். அது கட்டை விரல் தசைக்கு வந்து சேரும் நேரத்தைக் கருவி குறிக்கிறது. இடைத்தூரம் 22 செ.மீ., நேர வித்தியாசம் ஒரு நொடியில் 1,000-ல் 4 பங்கு என்றால், வேகம் நொடிக்கு 55 மீட்டர். அதாவது மணிக்கு 198 கி.மீ.! ராஜதானி எக்ஸ்பிரசும் இந்த வேகத்தில் ஓடுவதில்லை.

அண்ணாச்சிக்கு மணிக்கட்டு வரை வேகம் சரியாக இருந்தது. மணிக்கட்டைத் தாண்டும்போதுதான் தாமதம். அங்குள்ள குறுகிய பாதையில் நரம்பு நெருக்குப்படுகிறது. பக்கவாதம் அல்ல!

இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கட்டினார். இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார்.

கவனம் தேவை

சோதனைக்குப் போகும்போது கையில் எண்ணெய் தடவக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

நாள் கடத்தினால் கட்டை விரலின் அடிச்சதை மெலிந்துவிடும். பிறகு ஆபரேஷன் செய்தாலும் முழு பலம் திரும்பாமல் போகலாம்.

திடீரென ஒரு பக்கக் கை, கால் தளர்ந்தாலோ, வாய் குழறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதுதான் பக்கவாதம்.

கையை நம்பிப் பிழைக்க வந்தவர்கள் நாம். அந்தக் கை மரத்தால், மூட்டை கட்டுவதற்கு முன் டாக்டரிடம் காட்டுங்கள்.