இளமை விளையாட்டும் ஓவியக் கலையும்

ஓவியன் எப்பொருளை வரைதல் தகும் என்னும் வினா மிகப் பழையது. மலை, கடல், மன்னர், மாந்தர் எனின் மறுப்பார் இலர். சிறுவர் கைப்பட்டு ஓடித் திரியும் வீடியோ விளையாட்டு உருவங்களையும், வேடிக்கைச் சித்திரப் புத்தகத்து வாத்தையும் பூனையையும் வரையலாமோ எனின், கற்றாருட் பலர் நகைப்பர். அந்நகைப்புப் பொருந்துமோ என ஆராய்தலே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

1961 ஆம் ஆண்டில் அமெரிக்க ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைன், சிறுவர் நூலொன்றில் இருந்த டொனால்டு வாத்தையும் மிக்கி எலியையும் பெருந்துணியில் தீட்டி, 'லுக் மிக்கி' எனப் பெயரிட்டார். மலிவான அச்சிற் காணும் வண்ணப் புள்ளிகளையும் அவர் விடாது வரைந்தமை கருதத் தக்கது. அச்சிட்ட உருவத்தை மட்டுமன்றி, அதனை அச்சிட்ட பொறியின் இயல்பையும் அவர் நம் கண்முன் நிறுத்தினார்.

அடுத்துக் காணத் தக்கவர் ஜப்பானியராகிய தக்காஷி முரகாமி. 1962 இல் டோக்கியோவிற் பிறந்த இவர், நிஹொங்கா எனப்படும் ஜப்பானிய மரபோவியத்தை முறையே பயின்று, 1993 இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே 'மிஸ்டர் டாப்' என்னும் உருவத்தைப் படைத்தார். சித்திரக் கதையில் வரும் டோராமான் என்னும் இயந்திரப் பூனையும், சோனிக் என்னும் வீடியோ விளையாட்டு முள்ளெலியும் அதற்கு மூலமாயின. அவ்வுருவம் சுருண்டெழும் அலைமீது பல் காட்டி வருவதாக 1996 இல் '727' என்னும் ஓவியத்தைத் தீட்டினார். மூன்று பலகைகள் இணைந்த அது, ஏறக்குறைய 3 மீட்டர் உயரமும் 4½ மீட்டர் அகலமும் உடையது. வண்ணத்தின்மேல் வண்ணம் பூசிப் பின்னர்த் தேய்த்தமையால், அதன் பின்புலம் நாட்பட்ட சுவர்போல் தோன்றும். குழந்தையை மகிழ்விக்கும் பொம்மையே நம்மை விழுங்க வருவதுபோலக் காணப்படுதலின், இன்பமும் அச்சமும் ஒருங்கே பிறக்கின்றன.

மூன்றாமவர் 1978 இற் பிறந்த அமெரிக்கர் கோரி ஆர்க்கேஞ்சல். 1985 இல் நின்டெண்டோ நிறுவனத்தார் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டின் பேழையைத் திறந்து, அதன் நிரலை மாற்றி, வீரன், பகைவர், நிலம் யாவற்றையும் நீக்கி, நீல வானையும் மேகங்களையும் மட்டும் எஞ்சவிட்டார். 2002 இல் தோன்றிய இப்படைப்பு 'சூப்பர் மாரியோ கிளவுட்ஸ்' எனப்படும். தூரிகை தொடாததாயினும், இஃது இயற்கைக் காட்சி ஓவியத்தின் இனத்தைச் சார்ந்ததே. அவ்விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட் அளவினுள் அடங்கவேண்டியிருந்தமையால், மேகத்தின் வடிவையே பச்சை நிறமூட்டிப் புதராகவும் வைத்தனர் என்பது அறியத் தக்கது. ஓடியும் குதித்தும் ஆடினோர்க்கு அம்மேகத்தை நோக்க ஏது பொழுது? விரைந்த விரலுக்கு மறுக்கப்பட்ட ஓய்வைக் கலைஞர் கண்ணுக்கு அளித்தார்.

சிறு வயதில் யானும் என் தமையனாரும் தொலைக்காட்சியோடு இணைத்த மலிவான பொறியொன்றில் அவ்விளையாட்டை முறைவைத்து ஆடினோம். இன்று அவர் தொலைவிற் பணிபுரிகின்றார். வென்றதும் தோற்றதும் என் நினைவில் இல்லை. அந்நீல வானம் மட்டும் நிற்கின்றது. அதனைக் காணும்போது, அருகிலிருந்து "என் முறை வந்தது" என்று அவர் கூறுவது போலவே தோன்றும். ஒருவர்க்கு ஆற்றங்கரை எங்ஙனமோ, அங்ஙனமே எம் தலைமுறையார் பலர்க்கு அவ்வானம். அதனை நகைத்து ஒதுக்குதல் எம் இளமையையே ஒதுக்குதலாகும்.

ஆயினும், விரும்பிய உருவத்தைப் பெரிதாகப் படியெடுத்த அளவானே ஒன்று கலையாகிவிடாது. லிக்டன்ஸ்டைன் அச்சுப் புள்ளியைக் கண்டார். முரகாமி சிரிப்பினுள் ஒளிந்த பல்லைக் கண்டார். ஆர்க்கேஞ்சல் எவரும் நோக்காத மேகத்தைக் கண்டார். பழகிய பொருளிற் காணாத ஒன்றைக் காட்டுவதே கலைஞன் தொழில். அது காட்டப்பெறின் பொம்மையும் ஓவியத்திற்கு உரியதே. காட்டப்பெறாவிடின் மலையை வரைந்தும் பயனில்லை.