பிள்ளைப்பேறுக்கு முன் நோயின் வேகத்தை அறிவோம்



மனைவிக்குப் பல மாதமாக மூட்டுவலி, விட்டுவிட்டுக் காய்ச்சல், முடி கொட்டுதல், வெயிலில் போனால் இரு கன்னத்திலும் சிவப்பு இருக்கிறதா? ‘உடம்புச் சூடு’ என்று விட்டுவிடாதீர்கள். ‘லூபஸ்’ என்னும் நோயாக இருக்கலாம். இந்நோய் கண்ட பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். இது ஒட்டுவாரொட்டி அல்ல. யார் செய்த குற்றமும் அல்ல.

நோய் எப்படி வேலை செய்கிறது?

இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் நம் உடலின் காவலாளிகள். கிருமி நுழைந்தால் ‘இன்டர்ஃபெரான்’ என்ற பொருள் அபாயச் சங்கு ஊதும். உடனே அணுக்களுக்குள் சும்மா இருந்த சில மரபணுக்கள் வேலையில் இறங்கும். லூபஸில் கிருமி இல்லாமலே சங்கு ஊதுகிறது. ஓசூர் ஆலையில் தீப்பிடிக்காமலே சங்கு ஊதினால், தண்ணீரைப் பீய்ச்சி நல்ல இயந்திரத்தைக் கெடுத்துவிடுவார்கள் அல்லவா? அதுபோலக் காவலாளியே மூட்டுகளையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறான்.

வேகத்தை அறிவது எப்படி?

2003-ஆம் ஆண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஓர் உண்மையைக் கண்டார்கள். சங்குக்குக் கட்டுப்பட்ட மரபணுக்கள் மிகுதியாக வேலை செய்த நோயாளிகளுக்கு, சிறுநீரகம், இரத்தம், மூளை ஆகியவற்றைத் தாக்கும் கடும் நோய் கூடுதலாக இருந்தது. ஆனால் ஒருவரிடம் நோய் அவ்வப்போது ஏறி இறங்குவதை இச்சோதனை சரிவரக் காட்டுவதில்லை. ஆகவே இதைத் தேடி அலைய வேண்டாங்க. இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், இரத்தப் பரிசோதனை ஆகியவையே டாக்டருக்கு வழிகாட்டி. முகம் தெளிவாக இருந்தாலும் சிறுநீரில் புரதம் போகலாம்.

குழந்தை வேண்டுமா?

1. நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருந்த பின் கருத்தரியுங்கள். வேகமாக இருக்கும்போது கருவுற்றால் கருச்சிதைவும் குறைமாதப் பிரசவமும் நேரலாம்.

2. அதுவரை காப்பர்-டி அல்லது நிரோத் உபயோகிக்கலாம். கருத்தடை மாத்திரையைத் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். சிலருக்கு இரத்தம் உறைந்துவிடும்.

3. கர்ப்பம் என்று பயந்து ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை நிறுத்தாதீர்கள். கருவுக்குத் தீங்கான வேறு மருந்துகளை டாக்டர் முன்கூட்டியே மாற்றித் தருவார்.

4. கிருஷ்ணகிரியில் காட்டினாலும் பெங்களூரில் காட்டினாலும் எல்லாச் சீட்டுகளையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள்.

கணவரே! ‘ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் விசேஷம் இல்லையா?’ என்று ஊரார் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பொறுத்துப் பெறும் பிள்ளை, தாயோடு வீடு திரும்பும்.