கருப்பு எலும்பு நோயும் கைகோத்த சங்கங்களும்

லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்டு கேரட் 1902இல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரை, மரபணு மருத்துவத்தின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. கருப்பு எலும்பு நோய் எனப்படும் அல்காப்டனூரியா பரம்பரையாக வருவது என்று அதில் அவர் காட்டினார். ஹோமோஜென்டிசிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதி இந்த நோயாளிகளின் உடலில் வேலை செய்வதில்லை. குழந்தைப் பருவத்தில் சிறுநீர் கருப்பாக மாறுவதோடு சரி. ஆனால் அமிலம் ஆண்டுக்கணக்கில் குருத்தெலும்பில் படிந்து அதைக் கருக்கச் செய்கிறது. முப்பது வயதைத் தாண்டினால் முதுகுவலி. பிறகு இடுப்பு, முழங்கால், தோள் என ஒவ்வொரு மூட்டாகத் தேய்ந்துபோகும்.

காரணம் தெரிந்தும் அன்று சிகிச்சை இல்லை. உலகில் சுமார் இரண்டரை லட்சம் பேரில் ஒருவருக்கே வரும் நோய் இது. நோயாளிகள் ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடந்தார்கள். தன்னைப் போல இன்னொருவரைப் பார்க்காமலே பலருடைய ஆயுள் கழிந்தது. வலிமாத்திரையும் மூட்டு மாற்று அறுவையும்தான் கதி. இத்தனை குறைவான பேருக்காக மருந்து நிறுவனங்கள் முதல் போட முன்வரவில்லை.

மருந்து வேறொரு பக்கமிருந்து வந்தது. களைக்கொல்லி ஆராய்ச்சியில் கண்டறியப்பட்ட நிட்டிசினோன், டைரோசினீமியா என்ற கல்லீரல் நோய்க்குப் பயன்பட்டது. அது ஹோமோஜென்டிசிக் அமிலம் உருவாவதையே தடுக்கும். அமெரிக்காவில் 40 நோயாளிகளிடம் மூன்றாண்டு சோதித்தார்கள். அமிலம் பெருமளவு குறைந்தது. ஆனால் இடுப்பின் அசைவில் தெளிவான முன்னேற்றத்தை நிறுவ முடியவில்லை. மெல்ல நகரும் நோய்க்கு நாற்பது பேர் போதவில்லை. அதற்கு மேல் ஆள் சேர்ப்பது ஒரு நாட்டால் ஆகிற காரியமும் அல்ல.

அந்த வேலையை எடுத்துச் செய்தவர்கள் நோயாளிகளே. 2003இல் பிரிட்டனில் நோயாளி ஒருவரும், லிவர்பூல் மருத்துவர் லட்சுமிநாராயண் ரங்கநாத்தும் சேர்ந்து, அல்காப்டனூரியாவின் ஆங்கிலச் சுருக்கமான ஏ.கே.யு. என்ற பெயரில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். தெரியாத நோயாளிகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஆய்வுக்கு நிதி திரட்டினார்கள். பிரான்சில் அல்காப் என்ற சங்கம் இருந்தது. இந்நோய் வழக்கத்தைவிட மிகுதியாக உள்ள ஸ்லோவாக்கியாவில், பியெஷ்ட்யானி நகர முடக்குவாத மருத்துவமனை இருந்தது. பல்கலைக்கழகங்கள், ஸ்வீடனின் சோபி மருந்து நிறுவனம் ஆகியவற்றோடு இவையும் ஒரே கூட்டமைப்பாகி, 2012இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியைப் பெற்றன. விண்ணப்பித்தபோது நோயாளிகள் சங்கங்கள் வெறும் பயனாளிகளாக அல்ல, பங்காளிகளாகவே கையெழுத்திட்டன.

லிவர்பூல், பாரிஸ், பியெஷ்ட்யானி ஆகிய மூன்று ஊர்களில் 138 பேர் நிட்டிசினோனின் நான்காண்டு சோதனையில் பங்கேற்றார்கள். மருந்து உட்கொண்டவர்களின் சிறுநீரில் அமிலம் 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. நோய் முற்றுவதும் மெதுவானது. 2020இல் ஐரோப்பிய ஒன்றியம் வயது வந்த நோயாளிகளுக்கு இந்த மருந்தை அங்கீகரித்தது. கேரட் எழுதி 118 ஆண்டுகள் ஆகியிருந்தன. மருந்தால் ரத்தத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் கூடும் என்பதால் புரத உணவைக் குறைக்க வேண்டும், கண்களையும் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே கெட்ட மூட்டை இது மீட்காது. ஆனால் இன்று முப்பது வயதில் இருப்பவருக்கு, முந்தைய தலைமுறை நோயாளிகளுக்கு நேர்ந்தது தனக்கும் நேர்ந்தே தீரும் என்ற நிலை இல்லை.

இந்தக் கதை தமிழ்நாட்டையும் தொடுகிறது. நரிக்குறவர் சமூகத்தில் இந்நோய் மிக அதிகம் என்று 2014இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. ஐரோப்பாவில் சிதறிக் கிடந்தவர்களை ஒன்றுசேர்க்கவே பெரும்பாடு பட வேண்டியிருந்தது. இங்கே நோயாளிகள் ஒரே சமூகமாகக் கூடி வாழ்கிறார்கள். அவர்களுடைய குடியிருப்புகளுக்குப் பரிசோதனையும் ஆலோசனையும் மருந்தும் போய்ச் சேர்வதில்தான் இந்தக் கூட்டு முயற்சி முழுமை பெறும்.