கல்பாக்கத்தின் அட்சரேகை

தாம்பரத்தில் ரிட்டயர் ஆகும்வரை நான் புவியியல் டீச்சர். எல்லையில் சண்டை என்று செய்தி வந்தால் வகுப்பில் சில பிள்ளைகளின் முகம் வாடிவிடும். அவர்களின் அப்பாக்கள் இங்குள்ள விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்கள். கூடவே, அணுமின் நிலையம் இருக்கும் கல்பாக்கத்தைப் பற்றி ஒரு கேள்வியும் வரும்: “மிஸ், கல்பாக்கத்து மேல குண்டு போட்டா நாம என்ன ஆவோம்?”

பதிலாக ஒரு கதை சொல்வேன். 1981-இல் இஸ்ரேல் ஈராக்கின் அணு உலையைக் குண்டு வீசித் தகர்த்தது. அதன்பின், தன் கஹூட்டா அணு நிலையத்தை இந்தியா அப்படித் தாக்கிவிடும் என்ற பயம் பாகிஸ்தானுக்கு. 1985 டிசம்பரில் ராஜீவ் காந்தியும் ஜியா உல் ஹக்கும், ஒருவர் அணு நிலையத்தில் மற்றவர் கைவைப்பதில்லை என்று வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டார்கள். 1988 டிசம்பர் 31 அன்று இஸ்லாமாபாத்தில், பெனசிர் பூட்டோ பாகிஸ்தான் பிரதமராக இருந்தபோது, அது ஒப்பந்தமாக எழுத்தில் வந்தது.

அதன்படி ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று தங்கள் அணு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை இரு நாடுகளும் எழுதிக் கொடுக்க வேண்டும். எதிராளிக்கே விலாசம் கொடுப்பதா என்று பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அட்லஸை விரித்துக் கல்பாக்கத்தைத் தேடச் சொல்வேன். வடக்கே 12.5 பாகை, கிழக்கே 80-ஐத் தாண்டிக் கொஞ்சம். விரல் கடலோரத்தில் போய் நிற்கும். மின் உலைகள் எல்லாமே ஒப்பந்தத்தில் அடக்கம். “இந்த இடத்தைத் தொடமாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க” என்பேன்.

1992-இல் தொடங்கிய இந்த வழக்கம் கார்கில் போருக்குப் பிறகும் நிற்கவில்லை. நாடாளுமன்றம் தாக்கப்பட்டு இரு படைகளும் எல்லையில் முறைத்து நின்ற 2002 புத்தாண்டிலும், மும்பைத் தாக்குதல் நடந்த சூடு ஆறாத 2009 புத்தாண்டிலும் டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் பட்டியல்கள் கைமாறின.

குறை இல்லாமல் இல்லை. இந்த ஒப்பந்தம் அணு நிலையங்களைத்தான் காக்கிறது, ஊர்களை அல்ல. பட்டியல் முழுமையா என்று நேரில் போய்ப் பார்க்கவும் வழியில்லை. ஆனாலும், தலைவர்கள் கட்டித்தழுவிப் படம் எடுத்துக்கொள்ளும் மாநாடுகளைவிட இதைத்தான் நான் நம்புகிறேன். ஆட்சி மாறினாலும் தேதி மாறுவதில்லை.

அதே ஜனவரி 1 அன்று, இரு நாடுகளும் 2008-இல் செய்த இன்னோர் ஒப்பந்தப்படி, கைதிகளின் பட்டியலும் கைமாறுகிறது. 2025 ஜனவரி 1 அன்று பாகிஸ்தான் தந்த பட்டியலில் நம் மீனவர்கள் 217 பேர். நாம் தந்ததில் அவர்களின் மீனவர்கள் 81 பேர். எல்லாம் கடலில் கோடு தெரியாமல் தாண்டிப் பிடிபடும் ஏழைகள். தண்டனை முடிந்து, எந்த நாட்டவர் என்பதும் உறுதியானால், ஒரே மாதத்தில் ஊருக்கு அனுப்ப வேண்டும் என்கிறது ஒப்பந்தம். தண்டனை முடிந்தும் சிறையிலேயே கிடப்பவர்கள் இருக்கிறார்கள். அணு உலை விஷயத்தில் வாக்குத் தவறாத இரு அரசுகளும் இந்த ஒரு மாதக் கெடுவையும் காப்பாற்ற வேண்டும்.