பேலன்ஸ் பார்க்கப் பார்க்கத் தோற்பது ஏன், தெரியுமா?

நேரில் உட்கார்ந்து ஆடும் போக்கர் மேஜையில் ஒரு மணி நேரத்துக்கு 25, 30 ஆட்டம்தான் முடியும், தெரியுமா? ஆன்லைனில் நான்கு மேஜைகளைத் திறந்துவைத்தால் அதே ஒரு மணி நேரத்தில் 250 ஆட்டம் ஓடிவிடும்! ஒவ்வொன்றும் முடிந்ததும் கண் எங்கே ஓடும்? அடுத்த சீட்டுக்கா? எதிராளி எப்படிப் பந்தயம் கட்டினார் என்பதற்கா? ஊஹூம். பேலன்ஸுக்கு!

அதிலும் ஒரு கூத்து. பணம் நான்கு மேஜைகளிலும் பிரிந்து கிடக்கும். பல தளங்களில் 'கேஷியர்' பக்கத்தைத் திறந்தால், மேஜைக்குப் போகாமல் மிச்சமிருக்கும் பணத்தை மட்டும்தான் காட்டும். மொத்தம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? மனக்கணக்குத்தான். கையில் ராணியும் ஜாக்கியும் வந்திருக்க, மனிதர் உள்ளுக்குள் கூட்டல் போட்டுக்கொண்டிருப்பார். கூட்டி முடிப்பதற்குள் மேஜைப் பணம் மறுபடி மாறியிருக்கும்!

சரி, இவ்வளவு பாடுபட்டுப் பார்க்கிற அந்த எண் என்னதான் சொல்கிறது? இங்கேதான் தலை சுற்றுகிறது. உண்மையிலேயே கெட்டிக்காரரான ஓர் ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். 100 ஆட்டத்துக்குச் சராசரியாக 5 'பிக் பிளைண்ட்' லாபம் பார்ப்பவர். (சீட்டைப் பார்க்கும் முன்பே போட வேண்டிய கட்டாயப் பந்தயம்தான் பிக் பிளைண்ட், லாப நஷ்டத்தை அதை வைத்துத்தான் அளப்பார்கள்.) ஆன்லைனில் அது நல்ல சம்பாத்தியம். ஆனால் அதே 100 ஆட்டத்தில் பணம் 90 பிக் பிளைண்ட் வரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்வது சர்வ சாதாரணம். இரண்டு ஏஸ் வைத்திருப்பவர்கூட இரண்டு ராஜாவிடம் நூற்றுக்கு 18 தடவை தோற்கிற விளையாட்டு அல்லவா!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 ஆட்டம் முடிந்து பேலன்ஸைப் பார்த்தால் இந்தக் கெட்டிக்காரர் லாபத்தில் இருக்க வாய்ப்பு வெறும் 52 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 1,000 ஆட்டத்துக்குப் பிறகு 57. நான்கு மேஜையில் 40 மணி நேரம், அதாவது 10,000 ஆட்டம் ஆடிய பிறகும் 71தான்! 1 லட்சம் ஆட்டம் முடிந்தால்தான் 96. அதற்கு 400 மணி நேரம் ஆகும். நம்மவரோ ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் எட்டிப் பார்க்கிறார்.

பார்த்தால் என்ன போச்சு என்கிறீர்களா? டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்கள். அதன் சாரம்: 100 ரூபாய் வந்தால் வரும் சந்தோஷத்தைவிட, 100 ரூபாய் போனால் வரும் வலி பெரிது. ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பிற்பாடு அளந்தார்கள். அதை நம் கணக்கில் போடுங்கள். 100 ஆட்டத்துக்கு ஒரு தடவை பார்ப்பவருக்கு 100 பார்வையில் 52 பங்கு சந்தோஷம். 48 நஷ்டத்துக்கு இரண்டு மடங்காக 96 பங்கு வலி. 1 லட்சம் ஆட்டத்துக்கு ஒரு தடவை பார்ப்பவருக்கோ 96 பங்கு சந்தோஷம், வெறும் 8 பங்கு வலி! அதே ஆள், அதே ஆட்டம், அதே பணம். ஜெயித்துக்கொண்டே அழ முடியும் என்பதற்கு இதைவிட நல்ல செய்முறை விளக்கம் கிடையாது.

பொருளாதார மேதை பால் சாமுவெல்சன் தன் சக பேராசிரியரிடம் பந்தயம் கேட்ட கதை தெரியுமா? நாணயம் சுண்டி ஜெயித்தால் 200 டாலர், தோற்றால் 100 டாலர் நஷ்டம். அவர் மறுத்துவிட்டார். "ஆனால் இதே பந்தயத்தை 100 தடவை வைப்பதாக இருந்தால் நான் தயார்" என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னாராம்! 1963-இல் சாமுவெல்சன் இது தர்க்கத்துக்குப் பொருந்தாது என்று கட்டுரையே எழுதினார். 1995-இல் பெனார்ட்ஸி, தேலர் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் வேறு கோணத்தில் பார்த்தார்கள். நடுவில் ஒவ்வொரு சுண்டுதலையும் பார்க்காமல் இருந்தால் அந்தப் பேராசிரியரின் ஆசை நியாயம்தான். என் ஓட்டும் அவருக்குத்தான்.

வலித்தால் மனிதன் உஷாராவான் என்றுதானே நினைப்போம்? ஆன்லைன் போக்கர் ஆட்டங்களின் பதிவுகளை ஆராய்ந்த கேரி ஸ்மித் குழுவினர் 2009-இல் சொன்னது நேர்மாறு: பெரிய தொகையை விட்டவர்கள் பெரும்பாலும் முன்பைவிடக் கவனக்குறைவாக ஆடுகிறார்கள்! விட்டதைப் பிடிக்கும் வெறி. இதைத்தான் 'டில்ட்' என்கிறார்கள். லாபம் தெரிந்தால் மட்டும் பயந்துபோய் நல்ல மேஜையை விட்டுச் சீக்கிரமே எழுந்து போகிறவர்களும் உண்டு.

பங்குச்சந்தைக்காரர்கள் கில்லாடிகள். சந்தை விழும்போது கணக்கைத் திறப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். இதற்கு 'நெருப்புக்கோழி விளைவு' என்றே பெயர்! போக்கர்காரரால் அது முடியாது. எண் கண்ணெதிரே நிற்கிறது. அதனால் பேலன்ஸை மறைக்கும் வசதியைச் சில மென்பொருள்களே தருகின்றன. திரையில் காகிதம் ஒட்டிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். (இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்துவிட்டது. காகிதத்துக்கு வேலையில்லை.)

எல்லாவற்றையும் மிஞ்சும் அதிசயம் இது. 'ஃபுல் டில்ட்' என்ற பெரிய போக்கர் தளம் இருந்தது. 2009 டிசம்பரில் விக்டர் புளோம் என்ற ஸ்வீடன் இளைஞர் சுமார் 5 மணி நேரத்தில் 42 லட்சம் டாலரை இழந்தது அங்கேதான். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு அந்தத் தளத்தின் மீது பாய்ந்தது. துருவிப் பார்த்தால், ஆட்டக்காரர்களின் பேலன்ஸ் எல்லாம் சேர்த்து சுமார் 39 கோடி டாலர். வங்கியிலோ சுமார் 6 கோடிதான்! திரையில் தெரிந்த ஒவ்வொரு டாலருக்கும் பின்னால் 15 சென்ட். அத்தனை பேர் அத்தனை தடவை உற்றுப்பார்த்த எண்ணில் பெரும்பகுதி, வங்கியிலேயே இல்லாத பணம்!

அடுத்த ஆண்டு போட்டி நிறுவனமான போக்கர்ஸ்டார்ஸ் அரசுடன் சமரசம் செய்து அந்தத் தளத்தை வாங்கியது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்பத் தொடங்கியது 2014 பிப்ரவரியில். யாருக்கு எவ்வளவு என்று எதை வைத்துக் கணக்கிட்டார்கள் தெரியுமா? ஏப்ரல் 15 அன்று அவரவர் கணக்கில் இருந்த பேலன்ஸை வைத்து!