சம்ப்புக்குப் பக்கத்திலேயே செப்டிக் டேங்க்!

ஐப்பசி மழைக்கு முன் திறந்து பார்க்கவேண்டிய மூடிகள்

புரட்டாசி பிறந்ததும் மழைக்கான ஏற்பாடுகள் தொடங்கிவிடும். மொட்டைமாடிச் சருகைக் கூட்டித் தள்ளுகிறோம். ஒழுகிய இடத்தைப் பூசுகிறோம். இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். ஆனால் நாள் தவறாமல் கோலம் போடுகிற வாசல் சிமென்ட் மூடிக்கு அடியில் என்ன நிலவரம் என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீளும் வடகிழக்குப் பருவமழையில் முதலில் கைவிரிப்பது அங்கே இருக்கும் செப்டிக் டேங்க்தான்.

இரண்டு நாள் விடாமல் பெய்தால் போதும், தரைத்தளக் கழிப்பறையில் 'களக் களக்' என்று சத்தம் கேட்கும். ஊற்றிய தண்ணீர் இறங்காது. குளியலறைத் துவாரத்தில் கறுப்பாக எதிர்த்து வரும். உடனே கழிவுநீர் லாரிக்குப் போன் பறக்கும். டேங்க்கில் கசடு அடியில் தங்கி, எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதந்து, நடுவில் இருக்கும் நீர் மட்டும் உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணில் இறங்கவேண்டும். நிலத்தடி நீர் ஏறிவந்து குழியையே மூழ்கடித்த பிறகு அது எங்கே இறங்கும்? களிமண் பூமி, ஏரியை ஒட்டிய மனை என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்த நேரத்தில் லாரிக்குக் கொடுக்கிற காசு தண்டம். உறை இறக்கிய டேங்க்கிலும், அடியில் பூசாமல் விட்ட செங்கல் டேங்க்கிலும் உறிஞ்சி எடுத்த சூட்டோடு ஊற்று நீர் புகுந்துவிடும். ரெடிமேட் பிளாஸ்டிக், ஃபைபர் டேங்க் வைத்தவர்களுக்கு வேறு வம்பு. சுற்றிலும் நீர் ஊறிய மண்ணில் அதை முழுக்கக் காலி செய்தால், குழாய்களைப் பிடுங்கிக்கொண்டு மேலே எழும்பிவிடக்கூடும். ஆகவே ஆவணி, புரட்டாசிதான் இந்த வேலைக்கு ஏற்ற மாதங்கள்.

லாரி தேவையா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. நீண்ட மூங்கில் கழியின் அடிப்பாகத்தில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டி, டேங்க்கின் தரை தட்டும்வரை இறக்குங்கள். சில நிமிடம் அப்படியே பிடித்திருந்து, மெல்ல மேலே எடுங்கள். துணியில் கறுப்பு ஏறியிருக்கும் உயரம்தான் கசடின் உயரம். அது நீரின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் லாரியை வரச்சொல்ல வேண்டியதுதான். மூடி திறந்திருக்கும்போது குனிந்து பார்ப்பதும் பக்கத்தில் பீடி பற்றவைப்பதும் ஆகாது. உள்ளே இருக்கிற வாயு ஆளைச் சாய்க்கும், தீயும் பிடிக்கும். டேங்க்குக்குள் ஆளை இறக்கும் பேச்சே கூடாது. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இப்படி நேரும் சாவுகளுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. லாரிக்குப் பதிலாகச் சிலர் டேங்க்கில் போடும் சாணம், ஈஸ்ட், பாக்கெட் பவுடர் எதுவும் கசடு எடுப்பதற்கு ஈடாகாது.

டேங்க் அடைப்பும் லாரிச் செலவும் காசோடு போகிற தொல்லைகள். நம் தூக்கத்தைக் கெடுக்கவேண்டியது சம்ப்.

அரை கிரவுண்ட் மனை 1,200 சதுர அடி. இருபதுக்கு அறுபது என்று வைத்துக்கொள்வோம். போர்ட்டிகோவுக்குக் கீழே சம்ப், அதை ஒட்டி போர்வெல். லாரிக் குழாய்க்கு எட்டவேண்டும் என்பதால் செப்டிக் டேங்க்கும் அதே வாசலில்! உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர் இருக்கவேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. ஏறக்குறைய அறுபது அடி, அதாவது மனையின் முழு நீளம். கொல்லையில் குழி, வாசலில் கிணறு என்று நீங்கள் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும், பக்கத்து வீட்டு டேங்க் உங்கள் காம்பவுண்டு சுவரை ஒட்டித்தான் இருக்கும்.

போதாததற்கு மழைநீர்க் குழாய் வேறு. மாடியிலிருந்து வரும் குழாயைச் செப்டிக் டேங்க்கிலேயே சேர்த்துவிட்ட வீடுகள் உண்டு. ஒரே பெருமழையில் கசடு கலங்கி ஓடி உறிஞ்சு குழியை அடைத்துவிடும். மழைநீர் சேமிக்கத் தோண்டிய குழி டேங்க்குக்குப் பக்கத்தில் இருந்தால், நல்ல தண்ணீரோடு கழிவும் சேர்ந்து பூமிக்குள் போகும்.

வாசலில் முழங்கால் அளவு நீர் நின்றால் தெருத் தண்ணீரும் டேங்க் தண்ணீரும் ஒன்றாகி, தரைமட்டத்தில் இருக்கிற சம்ப் மூடி வழியே உள்ளே இறங்கும். குடிக்கத்தான் கேன் தண்ணீர் வாங்குகிறோமே என்ற தைரியம் வேண்டாம். பல் துலக்குவதும், கீரை அலசுவதும், குழந்தையின் பால் புட்டியைக் கழுவுவதும் சம்ப் தண்ணீரில்தான். டைபாய்டும் மஞ்சள் காமாலையும் வர அது போதும்.

பாதாளச் சாக்கடை வந்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை என்பார்கள். சரிதான். ஆனால் இந்த ஐப்பசிக்குள் வந்துவிடாது.

இப்போதே செய்ய முடிந்தவை சில. எச்.டூ.எஸ். பாட்டில் என்று ஒன்று கிடைக்கிறது. உள்ளே மருந்து தடவிய காகிதம் இருக்கும். சம்ப் தண்ணீரைக் கோடுவரை ஊற்றி மூடி, ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். தண்ணீர் கறுத்தால் மலக்கிருமி கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். மழைக்கு முன் ஒரு முறையும் வெள்ளம் வடிந்த பிறகு ஒரு முறையும் பார்ப்பது நல்லது. சேறு புகுந்த சம்ப்பை இறைத்துக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கணக்கில் சேர்க்கவேண்டும். பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்ததும் மேல் நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுப் பயன்படுத்துங்கள்.

லாரிக்காரரிடம் கசடை எங்கே கொட்டுகிறார் என்று கேட்கத் தயங்காதீர்கள். 2017-இல் கருங்குழிப் பேரூராட்சியில் தொடங்கி, இதற்கென்றே சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன. ஏரி ஓடையில் கொட்டினால் அது உங்கள் போர்வெல்லுக்கே திரும்பி வரும். தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே வாரத்தில் லாரியை வரவழைப்பது இன்னும் உத்தமம். உங்கள் கிணறு உங்கள் டேங்க்கை மட்டும் நம்பி இல்லையே.

கடைசியாக, சம்ப் வாயைச் சுற்றி ஒன்றரை அடிக்குச் சுவர் எழுப்பி, மேலே இறுக்கமான மூடி போடுங்கள். கொத்தனாருக்குப் பெரிய வேலையில்லை. கார் நிறுத்த இடைஞ்சல் என்று வீட்டில் முணுமுணுப்பு வரும். மழை முடியும்வரை கார் தெருவில் நிற்கட்டும்.