கூரைமேல் வாத்து

வாத்து கூரைமேல் ஏறி நிற்குமா? ஹூஸ்டன் பக்கம் குடிவந்த முதல் கோடையில், எதிர்வீட்டுப் புகைபோக்கியின் மேல் இரண்டு வாத்துகளைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தேகம் இதுதான். எனக்குத் தெரிந்த வாத்து குளத்தில் மிதக்கும், கரையில் அசைந்து அசைந்து நடக்கும், 'குவாக்' என்று கத்தும். இவை இரண்டும் நாரை மாதிரி நெட்டுக்குத்தாக நின்றன. அலகு பவளச் சிவப்பு, கால் இளஞ்சிவப்பு. காரின் கதவைச் சாத்தியதும் எழும்பிப் பறந்தன. பறந்தபோது கேட்ட சத்தம் இருக்கிறதே, அது வாத்துச் சத்தமே இல்லை. தியேட்டரில் பின் வரிசையிலிருந்து நாக்கை மடித்து அடிக்கிற விசில்.

மறுநாள் அலுவலகத்தில் சொன்னேன். உள்ளூர்க்காரர் ஒருவர் சிரித்துவிட்டு, 'விசிலிங் டக்' என்றார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

தமிழில் பறவை பார்ப்பவர்கள் இவற்றைச் சீழ்க்கைச் சிறகி என்கிறார்கள். நல்ல பெயர். சீழ்க்கை என்பது நாம் அடிக்கிற விசில்தான். பழந்தமிழில் இதற்கு வீளை என்று இன்னொரு சொல் உண்டு. மலையாளத்தில் சூளன் எரண்ட. அங்கேயும் சூளம் என்றால் விசில். மெக்சிகோவில் இதைப் 'பிஹிஹே' என்கிறார்கள், அது கத்துவதை அப்படியே பெயராக்கியது. ஆக, எந்த ஊர் ஆளாக இருந்தாலும் முதலில் காதில் விழுந்ததை வைத்துத்தான் பெயரிட்டிருக்கிறார். விஞ்ஞானிகள்தான் வேறு வழியில் போனார்கள். பேரினத்துக்கு அவர்கள் வைத்த பெயர் டென்ட்ரோசிக்னா, அதாவது மரத்து அன்னம். இது அன்னமும் இல்லை, இவற்றில் பல இனங்கள் மரத்தைத் தேடிப் போவதும் இல்லை!

உலகத்தில் மொத்தம் எட்டு இனங்கள். எல்லாமே வெப்பநாட்டுப் பறவைகள். இதைப் படிக்கிற நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ, அதற்கேற்ப உங்களுக்கு வாய்த்தது மாறும். டர்பன் பக்கம் இருப்பவர்களுக்கு வெள்ளைமுகச் சிறகி. டார்வின் பக்கம் இருப்பவர்களுக்கு, விலாவில் நீண்ட இறகுகள் கொம்பு போல மேலே வளைந்த ஆஸ்திரேலிய இனமும் இன்னொன்றும். சிங்கப்பூரில் தாவரவியல் பூங்காக் குளத்திலேயே சிறிய சீழ்க்கைச் சிறகியைப் பார்த்துவிடலாம். அதே இனம்தான் இலங்கைக் குளங்களிலும் தமிழ்நாட்டு ஏரிகளிலும் இருப்பது. ஐரோப்பாவில் இருப்பவர்கள் மன்னிக்க வேண்டும், அங்கே மிருகக்காட்சிசாலைதான் கதி.

டெக்சஸில் இரண்டு உண்டு. ஒன்று கருவயிற்றுச் சிறகி. எதிர்வீட்டில் நின்றது இதுதான். மற்றது நம்மூரில் பெரிய சீழ்க்கைச் சிறகி எனப்படும் பழுப்புச் சிறகி. இந்த இரண்டாவதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். தெற்கு டெக்சஸ், தென்னமெரிக்கா, கிழக்கு ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா என்று நடுவில் பெருங்கடல்கள் கிடக்க, எல்லா இடத்திலும் ஒரே பறவை இருக்கிறது. கண்டத்துக்குக் கண்டம் ஆயிரக்கணக்கான மைல் இடைவெளி. ஆனாலும் துணையினம் என்று பிரித்துச் சொல்லும்படி ஒரு வேறுபாடும் இல்லை.

இனி அடையாளம். கருவயிற்றுச் சிறகியில் குழப்பமே கிடையாது. சாம்பல் முகம், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், செம்பழுப்பு முதுகும் மார்பும், கறுத்த வயிறு, சிவந்த அலகு. நீளம் அரை மீட்டர் அளவு. எடை முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை. பறக்கும்போது இறக்கையின் மேல்புறத்தில் அகலமான வெள்ளைப் பட்டை 'பளிச்'சென்று தெரியும். உட்கார்ந்திருக்கையில் விலாவோரம் ஒரு வெள்ளைக் கோடாக அது மடிந்து கிடக்கும்.

பழுப்புச் சிறகிக்கு இந்தப் பகட்டு இல்லை. வறுத்த கடலைத் தோல் நிறத்தில் தலையும் மார்பும் வயிறும். முதுகில் கறுப்பும் பழுப்புமாக வரிகள். அலகும் காலும் சாம்பல். பின்கழுத்தில் மை தீட்டியது போல ஒரு கோடு. விலாவில் வெண்மையான கீற்றுகள். பறக்கும்போது இறக்கை முழுவதும் இருட்டு. வால் தொடங்கும் இடத்தில் மட்டும் வெள்ளைப் பிறை.

இவ்வளவு தெளிவாக எழுதுகிற நானே இதில் சறுக்கியிருக்கிறேன். ஒரு செப்டம்பரில் எங்கள் குடியிருப்புக் குட்டையில் சாம்பல் அலகோடு பதினோரு பறவைகள். கறுத்த வயிறு இல்லை. குதித்துக்கொண்டு ஓடி, பறவைக் கணக்கெடுப்புத் தளத்தில் 'பழுப்புச் சிறகி, 11' என்று பதிந்தேன். இரண்டு நாளில் சரிபார்ப்பவரிடமிருந்து மிக மரியாதையாக ஒரு கடிதம்: படத்தில் இறக்கையோரம் வெள்ளை தெரிகிறதே, கவனித்தீர்களா? அவை கருவயிற்றுச் சிறகியின் அந்த வருடத்துக் குஞ்சுகள். இளம் பறவைக்கு அலகு சிவக்காது, வயிறும் கறுக்காது. ஆனால் இறக்கை வெள்ளை மட்டும் இருக்கும். நிரல் எழுதும்போது ஒரு நிபந்தனையை மட்டும் சோதித்துவிட்டு முடிவெடுக்காதே என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிற ஆள் நான்.

ஊருக்குப் போகும்போது இதே வேலையை வேறு மாதிரி செய்ய வேண்டும். வேடந்தாங்கலிலோ பள்ளிக்கரணையிலோ பெரும்பாலும் கண்ணில் படுவது சிறிய இனம்தான். நீளம் நாற்பது சென்டிமீட்டர், எடை அரை கிலோ. எதிரே நின்று பார்த்தால் பெரியதற்கும் சிறியதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பறக்கவிட்டு, வாலடியைப் பாருங்கள். அங்கே செம்பழுப்பு என்றால் சிறியது, வெள்ளைப் பிறை என்றால் பெரியது. சிறியதற்கு இறக்கையின் முன்பகுதியும் செம்பழுப்பாக இருக்கும். ஹவுரா பக்கத்து சாந்த்ராகாச்சி ஏரியில் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் இவை கூடும்; அங்கே பெயர் சரால். 'சைபீரியாவிலிருந்து வந்த விருந்தினர்' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். சிறிய சிறகிக்கு சைபீரியா தெரியவே தெரியாது. தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் தண்ணீர் இருக்கிற பக்கமாக இடம் மாறிக்கொண்டிருக்கும் சொந்த ஊர்ப் பறவை அது.

எட்டு இனத்துக்கும் பொதுவானது பறக்கிற தோரணை. மற்ற வாத்துகள் எறிந்த கல் மாதிரி விரைந்து போகும். இவை அகன்ற இறக்கையை நிதானமாக அடித்து, கழுத்தைச் சற்றே தொங்கவிட்டு, நீண்ட காலை வாலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு போகும். தூரத்தில் கூன் விழுந்த கிழவர் விரைவது போல இருக்கும். அந்தி மங்கியபின் நிறம் தெரியாது. இந்தக் கூனும் விசிலும் போதும். சொல்லப்போனால் அந்தி மங்கியபின்தான் இவற்றுக்குப் பொழுதே விடிகிறது. பகலெல்லாம் கரையில் கூட்டமாக நின்று தூங்கிவிட்டு, இருட்டியதும் மேயப் போகும். புல்விதை, தானியம், நீர்ச்செடி, கொஞ்சம் பூச்சி, நத்தை.

இந்தத் தானிய ஆசை ஒரு காலத்தில் உயிரைக் குடித்தது. டெக்சஸ், லூசியானா கடலோரம் நெல் விளையும் பூமி. பழுப்புச் சிறகி நெல்வயலிலேயே கூடுகட்டி நெல்லையே தின்னும். 1960களில் விதைநெல்லை ஆல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லியில் தோய்த்து விதைத்தார்கள். விதைத்த வயலில் மேய்ந்த பறவைகள் செத்து விழுந்தன. டெக்சஸ் கடலோரத்தில் இனமே மெலிந்துபோனது. 1974ல் ஆல்ட்ரினுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தடை போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. இன்றைக்கும் அதைப் பார்க்க வேண்டுமென்றால் நான் அனவாக் சரணாலயம் வரை வண்டி ஓட்ட வேண்டும்.

கருவயிற்றுச் சிறகியின் கதை நேர்மாறு. ஒரு காலத்தில் டெக்சஸின் தென்கோடியில் மட்டும் இருந்த பறவை, இன்று லூசியானா, புளோரிடா வரை பரவிவிட்டது. காரணம், மனிதனோடு வாழ அதற்குக் கூச்சமில்லை. ஹூஸ்டனில் வெள்ளத்துக்குப் பயந்து ஒவ்வொரு குடியிருப்பிலும் மழைநீர்க் குட்டை வெட்டி வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் புல்தரை, கோல்ஃப் மைதானம், கொல்லையில் பறவைகளுக்கு வைக்கும் சோளம். வேறென்ன வேண்டும்? குறை ஒன்றுதான், பொந்துள்ள மரம். பட்டுப்போன மரத்தை நாம் நிற்க விடுவதில்லையே.

பொந்து ஏன் முக்கியம் என்பதற்கு இவற்றின் குடும்ப வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். குளங்களில் நாம் பார்க்கும் பச்சைத்தலை மல்லார்டு ஆண், பெட்டை அடைகாக்க உட்கார்ந்ததும் நழுவிவிடும். சீழ்க்கைச் சிறகி அப்படி இல்லை. ஆணும் பெட்டையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வேலையும் ஒரே மாதிரி செய்யும். நான்கு வாரம் முறை மாற்றி அடைகாக்கும். குஞ்சுகளை இரண்டுமே மேய்க்கும். அடுத்த வருடமும் பெரும்பாலும் அதே துணைதான். குறுந்தொகையில் மகன்றில் என்ற நீர்ப்பறவை இணைபிரியாமைக்கு உவமையாக வருவது உங்களுக்கு நினைவுக்கு வரலாம். எனக்கும் வந்தது. ஆனால் இதுதான் அது என்று ஒட்டவைக்கிற துணிவு எனக்கில்லை.

இவ்வளவு ஒழுக்கத்திலும் ஓர் ஓட்டை உண்டு. பொந்து கிடைக்காத பெட்டை, அடுத்தவள் பொந்தில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஒரு ஜோடி இடுவது பதினைந்து முட்டை அளவு. ஐம்பதுக்கு மேல் குவிந்த பொந்துகளும் உண்டு. அத்தனைக்கும் சூடு கொடுக்க முடியாமல், பல முட்டைகள் வீணாகும்.

இதைப் படித்துவிட்டுத்தான் கூட்டுப் பெட்டி செய்தேன். தேவதாரு மரம், ஐந்து அங்குல விட்டத்தில் வட்டத் துளை. இவை கூட்டுக்குள் எதையும் கொண்டுவந்து பரப்புவதில்லை; அதனால் அடியில் நாலு விரற்கடை மரச்சீவலை நானே போட்டேன். கொல்லை ஓக் மரத்தில் ஆணி அடித்து மாட்டினேன். மே மாதம் ஒரு ஜோடி வந்தது, பன்னிரண்டு முட்டை. இருபத்திரண்டாம் நாள் ஏணி போட்டு எட்டிப் பார்த்தால், மரச்சீவல் மேல் சாரைப்பாம்பின் அமெரிக்க உறவு ஒன்று, உடம்பெல்லாம் முண்டும் முடிச்சுமாகச் சுருண்டு கிடந்தது. முட்டை ஒன்றும் மிச்சமில்லை. எதிர்வீட்டுக் கூரையில் ஜோடி நின்று மூன்று நாள் விசில் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் யாரும் என்னோடு அதிகம் பேசவில்லை.

பாம்பைக் குறை சொல்லிப் பயனில்லை. மரத்தில் மாட்டினால் பாம்பும் ரக்கூனும் ஏறும் என்பது பெட்டி செய்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தனி இரும்புக் கம்பத்தில் நட்டு, நடுவில் தகரக் கூம்பு ஒன்றைக் குடைபோலக் கவிழ்த்து மாட்ட வேண்டும். பெட்டிகளை அருகருகே கண்ணில் படும்படி வரிசையாக வைக்கவும் கூடாது. வைத்தால், அடுத்தவள் பொந்தில் முட்டையிடும் வேலை பெருகும். அடுத்த பிப்ரவரியில் கூம்போடு கம்பம் நட்டேன்.

அந்தக் கோடையில் பதினான்கு முட்டை, பதினொரு குஞ்சு. பொரித்த மறுநாள் காலை, பெரியவை இரண்டும் கீழே புல்லில் நின்று மெல்ல விசிலடித்தன. துளையில் ஒரு தலை தெரிந்தது. கறுப்பும் மஞ்சளுமாகக் கோடு போட்ட பஞ்சுருண்டை. தயங்கியது, குதித்தது. பத்தடி உயரம். விழுந்து, உருண்டு, எழுந்து தாயிடம் ஓடியது. எடையே இல்லாததால் அடிபடாது. பின்னாலேயே மற்றவை பொத்துப் பொத்தென்று விழுந்தன.

குட்டைக்குப் போக ஒரு தெருவைத் தாண்ட வேண்டும். இந்த நேரத்தில்தான் நல்ல மனம் படைத்தவர்கள் தவறு செய்கிறார்கள். தனியாக நிற்கும் குஞ்சைப் பார்த்ததும் அட்டைப்பெட்டியில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். பெற்றவை அருகில்தான் இருக்கும். ஆள் நிற்பதால் ஒதுங்கியிருக்கும். வீட்டில் வளர்த்தால் அநேகமாகப் பிழைக்காது. தவிர, 1918ஆம் வருடத்து வலசைப் பறவைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். செய்ய வேண்டியது, தள்ளி நின்று வண்டிகளை நிறுத்துவது மட்டும்தான்.

நான் கைலியோடு தெரு நடுவில் நின்று கையைக் காட்டினேன். ஒரு குப்பை லாரியும் இரண்டு கார்களும் நின்றன. லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, எத்தனை என்றார். எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து போய்விட்டது. பதினொன்றாவது, கரைக்கல் ஏற முடியாமல் இரண்டு தடவை சறுக்கி, மூன்றாவது தடவை ஏறியது.